பழைய கேமிங் கொம்பியூட்டரில் வீஆர்: கார்ட்டுக்கு முதல் கரண்டைப் பாருங்கள்

கனடாவிலிருந்து வந்த மாமாவோ லண்டன் சித்தியோ ஒரு குவெஸ்ட் ஹெட்செட்டைக் கையில் தந்துவிட்டுப் போயிருப்பார்கள். முகத்தில் மாட்டினால் விளையாட்டின் உலகத்துக்குள்ளேயே நிற்கிற மாதிரிக் காட்டுகிற, மேட்டா கொம்பனியின் வீஆர் கருவி அது. வீட்டு மூலையில் ஏழெட்டு வருடப் பழைய கேமிங் கொம்பியூட்டர் ஒன்று நிற்கும். இரண்டையும் கோர்த்தால் ஓடுமா, ஓடாவிட்டால் எதை மாற்றுவது, எதற்குக் காசைக் கரைக்கக் கூடாது என்று கேட்கிற பெடியளுக்கும் பெட்டையளுக்கும் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் அநேகமாகப் படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்ட்டில்தான் தொடங்கும். சுவரில் வருகிற கரண்ட் ஒழுங்கானது என்பது அதை எழுதுகிறவருக்குச் சொல்லத் தேவையில்லாத விஷயம். பக்கத்து வளவில் தண்ணீர் மோட்டரைப் போட்டால் நம்முடைய லைட் மங்குகிற ஊரில் அது சரிவராது. புதுக் கார்ட்டைப் பழைய பவர் சப்ளையில், அதாவது சுவர்க் கரண்டைக் கொம்பியூட்டருக்கு ஏற்றபடி மாற்றுகிற பெட்டியில், பூட்டினால் கார்ட்டும் போகலாம், மதர்போர்ட்டும் சேர்ந்து போகலாம். ஆகவே என் ஒழுங்கு வேறு: ஹெட்செட், கரண்ட், அதற்குப் பிறகுதான் கார்ட்.

வீஆர் ஏன் இவ்வளவு கேட்கிறது

சாதாரண 1080 மொனிட்டரில் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 20 இலட்சம் புள்ளிகள். குவெஸ்ட் 2 இல் ஒரு கண்ணுக்கு 1832க்கு 1920. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 70 இலட்சம் வரும். அதையும் செக்கனுக்கு 72 அல்லது 90 தரம் வரைய வேண்டும். 90 என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கிற நேரம் 11 மில்லிசெக்கன். மொனிட்டரில் ஒரு படம் பிந்தினால் சின்னதாய் இடறும், அவ்வளவுதான். ஹெட்செட்டுக்குள் பிந்தினால் தலை திரும்பியிருக்கும், உலகம் திரும்பியிருக்காது. வயிற்றைப் பிரட்டுவது அங்கேதான் தொடங்குகிறது.

எந்த ஹெட்செட்

கையில் குவெஸ்ட் 2, 3, 3எஸ் ஏதாவது இருந்தால் முதலில் கொம்பியூட்டரே இல்லாமல் சில நாள் விளையாடிப் பாருங்கள். அதற்குள்ளேயே புரொசெசர் இருக்கிறது, தனியாக ஓடும். வீட்டில் சிலருக்கு அது போதும் என்று அப்போதே தெரிந்துவிடும், ஒரு சதமும் செலவில்லை. கொம்பியூட்டர் தேவைப்படுவது ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் மாதிரிப் பெரிய விளையாட்டுகளுக்கும், கார் ஓட்டுகிற, விமானம் ஓட்டுகிற சிமுலேட்டர்களுக்கும்.

பாவித்த ஹெட்செட் வாங்கப் போகிறீர்களா? விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டி வகையைத் தொடாதீர்கள். எச்பி ரிவெர்ப் ஜி2, லெனோவோ எக்ஸ்புளோரர், சாம்சங் ஒடிசி எல்லாம் அந்த வகை. விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பிலிருந்து மைக்ரோசொஃப்ட் அந்த வசதியையே கழற்றிவிட்டது. மலிவாகக் கண்ணில் படுவது அதனால்தான். 2016 இல் வந்த முதல் ஒக்குலஸ் ரிஃப்ட் ஹெட்செட்டும் வேண்டாம். அதன் கேபிள் பழுதானால் மாற்றுக் கேபிளுக்கு எங்கே போவது?

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரச் சொல்கிறீர்கள் என்றால் மூன்று சொல்: உள்ளே லித்தியம் பற்றரி இருப்பதால் கைப்பையில் கொண்டுவரட்டும், பில்லைத் தரட்டும், பழைய உரிமையாளரின் கணக்கிலிருந்து கழற்றிவிட்டுத் தரட்டும். லண்டன் சார்ஜர் நம்முடைய 13 ஆம்ப் சொக்கெட்டில் அப்படியே போகும். கனடாச் சார்ஜருக்கு ஒரு அடப்டர் வேண்டும். அதன் உடம்பில் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்றும் ஒருதரம் பாருங்கள்.

பெட்டியைத் திறக்க முதல்

விண்டோஸில் டாஸ்க் மனேஜரைத் திறந்து செயல்திறன் பக்கத்துக்குப் போனால் புரொசெசர், கிராபிக்ஸ் கார்ட் இரண்டின் பெயரும் றாமின் அளவும் அங்கேயே இருக்கும். ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் இலவசமாகக் கிடைக்கிற ஸ்டீம்வீஆர் பெர்ஃபோமன்ஸ் டெஸ்டை ஓடவிடுங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சொல்லிவிடும். 2016 காலத்து ஹெட்செட்டை வைத்துச் செய்த சோதனை அது. பச்சை வந்தது என்று துள்ள வேண்டாம், சிவப்பு வந்தால் மட்டும் நம்புங்கள்.

அடுத்து பக்கத்துத் தகட்டைக் கழற்றி மூன்று விஷயம் பாருங்கள். பவர் சப்ளையின் ஸ்டிக்கரில் எத்தனை வாட். கார்ட்டுக்குப் போகிற 6 அல்லது 8 ஊசி வயர் இருக்கிறதா. கார்ட் துளையிலிருந்து பெட்டியின் முன்பக்கம் வரை எத்தனை சென்ரிமீற்றர் இடம்.

பெட்டி டெல் ஒப்டிபிளெக்ஸ் மாதிரி ஒடுங்கிய ஒபிஸ் கொம்பியூட்டர் என்றால் இங்கேயே நில்லுங்கள். பாவித்துக் கழித்த ஒபிஸ் பெட்டிக்குச் சின்னக் கார்ட் ஒன்றைப் போட்டுக் 'கேமிங் பிசி' என்று விற்பது நம்ம பக்கம் நடக்கிறதுதான். பவர் சப்ளையின் வடிவமும், பல மொடல்களில் வயர்த் தலைப்பும், வழமையான வகை இல்லை. கடையில் கிடைக்கிற ஒன்றைத் தூக்கிப் போட ஏலாது. உயரமான கார்ட்டும் உள்ளே போகாது. அந்தப் பெட்டிக்குச் செலவழிப்பதை விட றாமையும் டிஸ்க்கையும் கழற்றி வேறு பெட்டிக்குக் கொண்டுபோவது மேல்.

கரண்ட்

கணக்கு எளிது. கார்ட்டுக்கு 120 முதல் 170 வாட், புரொசெசருக்கு 65 முதல் 90, மற்றதெல்லாம் சேர்த்து 50. மொத்தம் 300 வாட்டைச் சுற்றி வரும். அதற்கு நல்ல கொம்பனியின் 500 அல்லது 550 வாட் சப்ளை தாராளம். 'நல்ல' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். பெட்டியோடு இலவசமாக வருகிற, தூக்கினால் காற்றுப்போல் பாரமில்லாத 'ஐநூறு வாட்' சப்ளைகளில் அந்த ஐநூறு ஸ்டிக்கரில் மட்டும்தான். 80 பிளஸ் (கரண்டை அதிகம் வீணாக்காத சப்ளை என்ற) சான்றும், உள்ளீடு 100-240 வோல்ட் என்ற எழுத்தும் இருப்பதைத் தேடுங்கள். 100 முதல் 240 வரை எந்த வோல்டேஜிலும் வேலை செய்கிற சப்ளை, பின்னேரம் வோல்டேஜ் விழும்போதும் சமாளிக்கும். பின்பக்கம் 115/230 என்று சிவப்பு ஆளி இருக்கிற பழைய வகையென்றால் அது 230 இலேயே இருக்கட்டும். சின்னப் பிள்ளைகள் அதைத் தட்டிவிட்டால் சப்ளை வெடிக்கும்.

கார்ட்டுக்கான 8 ஊசி வயர் சப்ளையிலிருந்தே வர வேண்டும். பழைய டிஸ்க்குக்குப் போகிற வயரில் மாற்றித் தலைப்புப் போட்டு 8 ஊசியாக்கித் தருகிறோம் என்பார்கள். 8 ஊசித் தலைப்பு 150 வாட் வரை இழுக்கலாம். அந்த மெல்லிய வயர் அதற்குச் செய்ததில்லை. உருகும்.

அடுத்தது எர்த். ஓடுகிற கொம்பியூட்டரின் இரும்பைப் புறங்கையால் தொட்டால் சுர் என்றால் வீட்டு எர்த்தில் பிழை. கேபிளில் ஹெட்செட்டைப் பூட்டி முகத்தில் மாட்டிக்கொள்ளப் போகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். வயரிங் தெரிந்தவர் வந்து பார்த்துச் சரி சொன்ன பிறகு மிச்சத்தைச் செய்யலாம்.

யூபிஎஸ் வேண்டுமா? வேண்டும். ஆனால் கரண்ட் இல்லாமல் விளையாடுவதற்கு இல்லை, ஒழுங்காக நிற்பாட்டுவதற்கு. 650 விஏ என்று விற்பது 360 முதல் 390 வாட் வரைதான் தாங்கும், அதுவும் சில நிமிடம். வீஆர் ஓடும்போது கரண்ட் போனால் விளையாட்டு மறையும், ஹெட்செட் தன் பற்றரியில் முழித்துக்கொண்டிருக்கும். அப்போது நடக்காமல் நின்ற இடத்தில் நின்று ஹெட்செட்டைக் கழற்றுங்கள். பெற்றோல் ஜெனரேட்டரில் இந்தக் கொம்பியூட்டரைப் போடவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் கரண்ட் வயரோடு ரவுட்டர் வயரையும் கழற்றுங்கள். மின்னல் போன் லைனாலும் வரும்.

கார்ட்

உங்களிடம் ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி, அல்லது ஆர்எக்ஸ் 580 8 ஜிபி ஏற்கெனவே இருந்தால் எதுவும் வாங்காமல் 72 ஹெர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 72 படத்தில், ஓடவிட்டுப் பாருங்கள். 2020 இல் வந்த அலிக்ஸ் விளையாட்டே ஆகக் குறைந்த தேவையாக அந்த அளவுக் கார்ட்டையும் 12 ஜிபி றாமையும்தான் கேட்டது. அது ஓடி, உங்களுக்குத் திருப்தியென்றால் காசை வைத்திருங்கள்.

வாங்கத்தான் வேண்டுமென்றால், ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளில் இனிக் காசு போடாதீர்கள். புது விளையாட்டுகளுக்கான டிரைவர் மென்பொருள் தருவதை அவற்றுக்கு என்விடியா 2025 ஒக்டோபரோடு நிற்பாட்டிவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 வரை வரும். பாவித்த சந்தையில் பார்க்கத் தக்கவை நான்கு: ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 125 வாட், ஆர்டிஎக்ஸ் 2060 160 வாட், ஆர்எக்ஸ் 6600 132 வாட், ஆர்டிஎக்ஸ் 3060 170 வாட். கடைசியானதில் 8 ஜிபி என்று ஒரு பலவீனமான வகையும் உண்டு, 12 ஜிபியைக் கேட்டு வாங்குங்கள். இவற்றில் ஜிடிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ் என்பவை என்விடியாவின் கார்ட்டுகள், ஆர்எக்ஸ் ஏஎம்டியினுடையது. குவெஸ்ட்டுக்கு என்றால் என் மனம் என்விடியாப் பக்கம்தான் சாயும். காரணம், குவெஸ்ட்டுக்குப் படம் எச்டிஎம்ஐ வழியாகப் போவதில்லை. கார்ட் படத்தை வரைந்து, வீடியோவாகச் சுருக்கி, யூஎஸ்பியிலோ வைஃபையிலோ அனுப்புகிறது. அந்தச் சுருக்குகிற வேலையில் என்விடியாவின் கார்ட்டுகள் கரைச்சல் குறைவு. ஆனால் சப்ளை சின்னது, காசும் இறுக்கம் என்றால் ஆர்எக்ஸ் 6600 நல்ல தெரிவு.

இதே காரணத்தால் ஒரு பொறி இருக்கிறது. ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டும் 6000 வரிசைப் புதுக் கார்ட்டுகள், விலையும் கவர்ச்சி. அவற்றில் வீடியோவைச் சுருக்குகிற பகுதியே இல்லை. மொனிட்டரில் விளையாட்டு ஓடும், குவெஸ்ட்டுக்கு அனுப்ப ஏலாது. கடைக்காரருக்கும் இது தெரியாமல் இருக்கலாம், பாவம். 1060 இன் 3 ஜிபி வகையும், சூப்பர் என்ற பெயர் இல்லாத 1650உம் மேட்டாவின் ஆதரவுப் பட்டியலில் சேர்க்கப்படாதவை. இன்டெல் ஆர்க் கார்ட்டுகள் பழைய மதர்போர்ட்டில் தடுமாறும். ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்ட்டில் இல்லாவிட்டால் வேகம் விழுந்துவிடும். பி106-100 என்று ஒன்று மலிவாக வரும். கிரிப்டோ தோண்டச் செய்த கார்ட் அது, மொனிட்டர் பூட்டத் துளையே கிடையாது. ஆர்எக்ஸ் 580 என்று வாங்கப் போனால் 2048எஸ்பி என்ற வால் இருக்கிறதா பாருங்கள். அது கொஞ்சம் வெட்டிக் குறைத்த வகை, முழு விலை கொடுக்காதீர்கள்.

பாவித்த கார்ட்டைக் கடையிலேயே பூட்டி, பாரமான விளையாட்டு ஒன்றைக் கால் மணித்தியாலமாவது ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியூ-இசட் என்ற சின்னச் செயலியை யூஎஸ்பியில் கொண்டுபோங்கள். பழைய கார்ட்டின் பயோஸை, அதாவது உள்ளே எழுதியிருக்கிற அடிப்படை மென்பொருளை, மாற்றி வேறு பெயரில் விற்கிற போலிகளில் பலவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். சோதிக்க விடாத கடையில் வாங்காமல் திரும்பி வாருங்கள், அடுத்த பஸ் இருக்கும்.

கொழும்பிலோ வவுனியாவிலோ கொம்பியூட்டரை முழுதாகப் பூட்டி வாங்கினாலும், ஊருக்கு வரும்போது கார்ட்டைக் கழற்றித் தனியாகச் சுற்றிக் கொண்டுவாருங்கள். ஏ9 பெருவீதி வரை பிரச்சினை இல்லை. அதிலிருந்து உள்ளே கிரவல் வீதியில் குலுங்கும்போது பாரமான கார்ட் தன் துளையை உடைத்துக்கொள்ளும்.

மற்றச் சாமான்

றாம் 16 ஜிபி, இரண்டு துண்டாக. ஒற்றைத் துண்டு போட்டால் பாதிப் பாதையில்தான் ஓடும். டிஸ்க் இன்னும் சுழல்கிற வகையென்றால் சுழலாத, வேகமான வகையான ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். அலிக்ஸ் மட்டும் 67 ஜிபி கேட்கும் என்பதை வைத்து அளவைத் தீர்மானியுங்கள்.

புரொசெசரைக் கடைசியாகப் பாருங்கள். முதல் ரிஃப்ட் கேட்டது இன்டெல்லின் நான்காம் தலைமுறை ஐ5-4590. அந்த மதர்போர்ட்டிலேயே பாவித்த ஐ7-4790 ஒன்றைப் போடலாம், வேறு எதுவும் மாற்றத் தேவையில்லை. ஏஎம்டியின் ரைசன் முதலாம், இரண்டாம் தலைமுறை என்றால் அதிர்ஷ்டம்: அவை பூட்டுகிற ஏஎம்4 வகை மதர்போர்ட்டுகளில் பெரும்பாலானவை பயோஸை இற்றைப்படுத்தினால் ரைசன் 5 5600 வரை ஏற்கும். பயோஸ் இற்றைப்படுத்தும் நேரத்தில் கரண்ட் போனால் மதர்போர்ட் செத்த சாமான். யூபிஎஸ்ஸில் பூட்டி, மழையில்லாத ஒரு விடியப்புறத்தில் செய்யுங்கள்.

இன்டெல் ஏழாம் தலைமுறை வரையான பெட்டிகளை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விளையாட்டு உடனே நிற்காது. ஆனாலும் மதர்போர்ட்டையே மாற்ற வேண்டும் என்கிற நிலை வந்தால், இந்தக் காரணத்தையும் கணக்கில் சேர்த்து எட்டாம் தலைமுறைக்கு மேலே போங்கள்.

கேபிளா, வைஃபையா

'வைஃபையில் விளையாடினால் டேட்டா முடியுமா' என்று வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். முடியாது. கொம்பியூட்டரிலிருந்து ரவுட்டருக்கும், ரவுட்டரிலிருந்து ஹெட்செட்டுக்கும் வீட்டுக்குள்ளேயே போய்வருகிற படம் அது; வெளி இணையத்தைத் தொடுவதில்லை. விளையாட்டை இறக்குவதற்குத்தான் டேட்டா. அதை இரவுப் பக்கேஜில் வைத்துவிட்டுப் படுங்கள்.

ஆனால் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் தர வேண்டும், கொம்பியூட்டர் அதோடு வயரில் இணைந்திருக்க வேண்டும், ரவுட்டர் விளையாடுகிற அறையிலேயே இருக்க வேண்டும். சிம் போடுகிற மலிவான 4ஜி ரவுட்டர்களில் சில 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தரும், சிலவற்றின் வயர்த் துளை 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். அப்படியானால் கேபிள்தான் நல்லது. போன் சார்ஜ் பண்ணுகிற வயர் எல்லாம் ஆகாது, யூஎஸ்பி 3 டேட்டா வயராக, ஐந்து மீற்றர் நீளத்தில் தேடுங்கள். கொம்பியூட்டரின் பின்பக்கம் மதர்போர்ட்டிலேயே இருக்கிற நீலத் துளையில் பூட்டுங்கள். குவெஸ்ட்டைக் கொம்பியூட்டரோடு இணைக்கிற மேட்டாவின் லிங்க் செயலிக்குள்ளேயே கேபிளைச் சோதிக்கிற வசதி இருக்கிறது. கேபிளில் விளையாடும்போதும் பற்றரி மெல்ல இறங்கும், அது பழுதில்லை.

வைஃபை நன்றாக இருந்தால், அதே வேலையைச் செய்கிற, குவெஸ்ட் கடையில் இலவசமாகக் கிடைக்கிற ஸ்டீம் லிங்க் செயலியையும் பாருங்கள். மேட்டாவின் செயலியை விடக் குழப்பம் குறைவு.

அறை, வெக்கை, புழுதி

சோளகம் வீசுகிற மாதங்களில் செம்புழுதி எந்த இடுக்குக்குள்ளும் போகும். மாதம் ஒருதரம் புளோவரால் ஊதுங்கள், ஊதும்போது விசிறிச் சிறகை விரலால் பிடியுங்கள். வெக்கைக்குப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைக்கிற பழக்கம் நம்மவர்க்கு உண்டு. பல்லிக்கும் எறும்புக்கும் அது வாசல் திறந்து வைத்த மாதிரி. கார்ட்டின் மேல் பல்லி செத்துக் கிடந்து சோர்ட் ஆன பெட்டிகளைக் கண்டிருக்கிறேன். தகட்டைப் பூட்டி, முன்னால் ஒரு விசிறி கூடப் போடுங்கள். கார்ட் நான்கு வருடம் ஓடியதென்றால் வெப்பப் பசையை மாற்றுங்கள்.

விளையாட இரண்டு மீற்றருக்கு இரண்டு மீற்றர் வெறும் நிலம் வேண்டும். வீட்டுத்திட்ட வீட்டு மண்டபத்தில் கதிரையை ஒதுக்கினால் அது கிடைக்கும். கை உயர்த்தினால் சீலிங் விசிறி தட்டுமா என்று ஹெட்செட் இல்லாமல் ஒருதரம் பாருங்கள். தட்டுமென்றால் அதை நிற்பாட்டி, நிலத்தில் நிற்கிற விசிறியை ஒரு பக்கத்தில் வையுங்கள். காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்பதை வைத்து நீங்கள் எங்கே திரும்பி நிற்கிறீர்கள் என்று ஹெட்செட்டுக்குள்ளும் தெரியும், வேர்வையும் குறையும்.

ஹெட்செட்டின் கமராக்கள் வெளிச்சத்தில்தான் கையைக் கண்டுபிடிக்கும். லைட்டைப் போடுங்கள், அமைப்புகளில் டிராக்கிங் ஃப்ரீக்குவென்சியை 50 ஹெர்ட்ஸில் வையுங்கள், நம்முடைய கரண்ட் 50 தான். வெயில் மட்டும் லென்ஸில் படவே கூடாது. லென்ஸ் வெயிலைக் குவித்து உள்ளே இருக்கிற திரையில் புள்ளி எரித்துவிடும், திருத்த முடியாது. கழற்றியவுடன் யன்னல் பக்கம் வைக்காமல், ஒரு துணியைச் சுற்றி அலுமாரிக்குள் வையுங்கள்.

முதல் நாள்

லென்ஸ் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். குவெஸ்ட் 2, 3எஸ் இரண்டிலும் 58, 63, 68 மில்லிமீற்றர் என்று மூன்று நிலை. எழுத்து எதில் கூராகத் தெரிகிறதோ அதுதான் உங்களுடையது. கண்ணாடி போடுகிறவர்கள் பெட்டியோடு வருகிற இடைத்துண்டைப் போடாமல் தொடங்க வேண்டாம், லென்ஸ் கீறும்.

லிங்க் செயலியில் 72 ஹெர்ட்ஸ், படத் தரம் நடுவில். முதல் விளையாட்டு, இருந்த இடத்தில் அல்லது நின்ற இடத்தில் விளையாடுகிற ஒன்றாக இருக்கட்டும். இடம் மாறுகிற விளையாட்டில் நடப்பதற்குப் பதில் தாவுகிற முறையைத் தெரிவுசெய்யுங்கள். தலை சுற்றத் தொடங்கிய கணமே கழற்றுங்கள். பழகிவிடும் என்று இழுத்துப் பிடித்தால் அடுத்தநாள் ஹெட்செட்டைப் பார்த்தாலே ஒங்காளிக்கும். மேட்டாவின் விதிப்படி பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இது இல்லை, அவர்கள் அழுதாலும் இல்லை.

படம் இடறினால் டாஸ்க் மனேஜரைப் பாருங்கள். கார்ட் நூறு வீதத்தில் முட்டி நின்றால் தரத்தைக் குறையுங்கள். கார்ட் அறுபதில் தூங்கிக்கொண்டிருக்கப் புரொசெசர் மூச்சு வாங்கினால் தரத்தைக் குறைத்துப் பயனில்லை. பின்னால் ஓடுகிற உலாவியையும் மற்றச் செயலிகளையும் மூடுங்கள், அதற்கும் சரிவராவிட்டால்தான் அந்த ஐ7 பற்றி யோசியுங்கள். இரண்டும் சும்மா இருந்தும் இடறினால் குற்றவாளி கேபிள் அல்லது வைஃபை. 72 இல் ஒரு கிழமை இடறாமல் ஓடினால் 90 இற்குப் போகலாம்.

கழற்றிய பழைய கார்ட்டை அவசரப்பட்டு விற்காதீர்கள். பாவித்து வாங்கிய கார்ட்டுக்குக் கடை தருகிற சோதனைத் தவணை முடியும்வரை அதைப் பையில் சுற்றி வைத்திருங்கள். புதியது திரையில் கோடு போடத் தொடங்கினால், பழையதைப் பூட்டிப் பார்த்துப் பிழை கார்ட்டிலா சப்ளையிலா என்று கண்டுபிடித்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.